பனி உருகிய பின்: ஒரு சறுக்குத் திடலின் வரலாறு

பொதுமக்களுக்கென எழுப்பப்படும் எந்த அமைப்புக்கும் இருவகைச் செலவுகள் உண்டு. அதனைக் கட்டி முடிக்கும் செலவு ஒன்று. ஆண்டு முழுவதும் அதனைப் பேணும் செலவு மற்றொன்று. முதற் செலவுக்கு வள்ளல்கள் முன்வருவர். இரண்டாவதற்கு அவர்கள் வருவது அரிது. நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கிலுள்ள வோல்மன் பனிச்சறுக்குத் திடலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அப்பூங்காவுக்குப் பனிச்சறுக்கு புதிதன்று. பூங்காப் பணிகள் நிறைவுறாத 1858ஆம் ஆண்டின் குளிர்காலத்திலேயே, உறைந்த ஏரியின் மீது சறுக்கி விளையாட மக்கள் திரண்டனர். குளிரில் விளையாட்டுக் களமாகவும் கோடையில் படகுத் துறையாகவும் ஏரி பயன்பட்டது. பனியை இயற்கையே தந்தது. எனவே அதற்கெனத் தனிச் செலவு இல்லை. ஆனால் நீர் எப்போது உறையும், எத்தனை நாள் உறைந்திருக்கும் என்பது மனிதர் கையில் இல்லை.

இந்நிலையை மாற்றியது இயந்திரக் குளிர்ச்சி. கேட் வோல்மன் என்னும் பெருமாட்டி தம் குடும்பத்தாரின் நினைவாக அளித்த 6,00,000 டாலரைக் கொண்டு, பூங்காவின் தென்பகுதிக் குளத்தின் ஒரு கரத்தைத் தூர்த்து இத்திடல் அமைக்கப்பட்டது, 1950இல் திறக்கப்பட்டது. தளத்தின் அடியில் குழாய்கள் ஓட, வெப்பமான நாட்களிலும் பனி நிலைத்தது. அதற்கு விலையாக இயந்திரம், மின்சாரம், பணியாளர் எனச் செலவுகள் பெருகின. பனிக்காலமோ ஏறத்தாழ ஆறு மாதமே. எஞ்சிய மாதங்களில் இத்தளத்தை என்ன செய்வது? ஏரியிடம் எவரும் கேட்டிராத இக்கேள்வி இத்திடலுடன் கூடவே பிறந்தது.

அதற்குக் கிடைத்த விடைகளுள் சிறந்தது இசை. 1966 முதல் 1976 வரை, கோடைதோறும் இங்கே இசைவிழா நிகழ்ந்தது. ரைங்கோல்டு, அதன்பின் ஷேஃபர் என்னும் இரு பீர் நிறுவனங்கள் பொருளுதவி புரிந்தன. தொடக்கத்தில் நுழைவுக் கட்டணம் ஒரு டாலரே. 1967இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இங்கே வாசித்தார். பொருளுதவி செய்தோரின் நோக்கம் விளம்பரமே எனினும், அதன் பயனை எளிய மக்கள் துய்த்தனர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இதற்கிடையே குழாய்கள் முதுமையடைந்தன. 1980இல் சீரமைப்புக்காகத் திடல் மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் முடியவேண்டிய பணி ஆறு ஆண்டுகள் இழுத்தது. ஒரு கோடியே இருபது இலட்சம் டாலருக்கு மேல் செலவாகியும் பனி உறையவில்லை. 1986இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான டொனால்ட் டிரம்ப், மேயர் எட் காக்கின் நிருவாகத்திடமிருந்து அப்பணியைப் பெற்று, ஏறக்குறைய நான்கு மாதங்களில், குறித்த தொகைக்கும் குறைவாகவே முடித்தார். தனியார் திறமைக்குச் சான்றாக இந்நிகழ்ச்சி பலகாலம் பேசப்பட்டது. ஆனால் அப்பணிக்கான பணம் நகர மக்களுடையதே என்பதை அவ்வாறு பேசியோர் அத்துணை அழுத்திச் சொல்லவில்லை.

அதன்பின் திடலை நடத்தும் உரிமை ஒப்பந்த முறையில் சென்றது. டிரம்ப் நிறுவனம் முதலில் 1995 வரையிலும், பின்னர் 2001 முதல் 2021 வரையிலும் அதனை நடத்தியது. 2003 முதல் கோடைகளில் இங்கே இராட்டினங்கள் சுழலும் சிறுவர் கேளிக்கைப் பூங்கா அமைந்தது. அடுத்து வந்தோர் 2023இன் கோடையில் பதினான்கு பிக்கிள்பால் ஆடுகளங்களை அமைத்தனர். அவற்றில் ஒரு களத்தின் வாடகை மணிக்கு 80 டாலரும் அதற்கு மேலும் ஆயிற்று.

ஒரு டாலர் இசையிலிருந்து எண்பது டாலர் ஆடுகளம் வரையிலான இத்தொலைவை விலைவாசி உயர்வு ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்கிவிட இயலாது. முன்னர்க் கோடையின் செலவைப் புரவலர் ஏற்றனர். பின்னர் அதனைப் பயன்படுத்துவோரே ஏற்கவேண்டியதாயிற்று. புரவலரை நம்பும் ஏற்பாடும் நிலையானதன்று. அவர் விலகினால் விழா நின்றுவிடும். கட்டணத்தை நம்பும் ஏற்பாடு நீடிக்கக்கூடும். ஆயின் அது கட்டணம் செலுத்த இயலாதோரை ஓசையின்றி வெளியே நிறுத்திவிடும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி, பராமரிப்புச் செலவின் ஒரு பகுதியை நகரத்தின் வரிப்பணம் தொடர்ந்து தாங்குவதேயாகும். நூலகத்துக்கும் பூங்காவின் நடைபாதைக்கும் நாம் தயங்காமல் ஏற்கும் நெறி இது. ஒரு பொதுத்திடல் உண்மையில் பொதுவானதா என்பதை அறிய, அதன் திறப்பு விழாவை நோக்கிப் பயனில்லை. பனி உருகி, கூட்டம் கலைந்த மாதங்களில் அதன் வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதையே நோக்கவேண்டும்.