கடன்பட்ட அரசும் கணக்கெழுதிய கையும்

அரசுகள் கடன்படுவதும், பட்ட கடனை இறுக்க இயலாது தவிப்பதும் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. 1557 ஆம் ஆண்டில் ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பும், 1672 இல் ஆங்கில மன்னன் இரண்டாம் சாள்சும் கடன் கொடுத்தோருக்குப் பணம் செலுத்துவதை நிறுத்தினர். அங்கே நொந்தவர்கள் கடன் கொடுத்த வணிகர்களே. மன்னரை நெருக்க அவர்களிடம் படை இல்லை. கடன் கொடுத்தவனிடம் கப்பலும் பீரங்கியும் இருந்தால் என்ன நிகழும் என்பதற்குக் கண்டி இராச்சியத்தின் வரலாறு சான்று பகரும்.

போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து அகற்ற விரும்பிய இரண்டாம் இராசசிங்கன், 1638 மே 23 இல் மட்டக்களப்பில் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுடன் உடன்படிக்கை செய்தான். போர்ச் செலவைக் கறுவா, மிளகு முதலிய விளைபொருள்களால் ஈடுசெய்ய ஒப்புக்கொண்டான். கைப்பற்றப்படும் கோட்டைகளில், மன்னன் விரும்பினால் ஒல்லாந்தர் படை வைக்கலாம் என்பது அவனிடமிருந்த படியிற் கண்ட வாசகம். ஒல்லாந்தரின் படியிலோ ‘மன்னன் விரும்பினால்’ என்னும் சொற்கள் இல்லை.

1640 இல் காலியும் 1656 இல் கொழும்பும் வீழ்ந்தன. செலவு இன்னும் தீரவில்லை என்று கூறி ஒல்லாந்தர் அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். செலவைக் கணக்கிட்டவர்கள் அவர்களே. கடன் தீர்ந்தது என்ற மன்னனின் வாதம் எடுபடவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது போல என்னும் சிங்களப் பழமொழி இந்த ஆட்சி மாற்றத்தையே குறிப்பதாகக் கூறுவர்.

கடனின் பெயரால் தொடங்கிய அந்தப் பிடி, பின்னொரு போரின் முடிவில், 1766 உடன்படிக்கையால் கடற்கரை முழுவதையும் வளைத்தது. சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பெடுத்துக்கொள்ள மட்டும் கண்டி மக்களுக்கு இடம் தரப்பட்டது. பொதிமாடுகளில் மலையேறிய உப்புக்கும் பிறர் இசைவு வேண்டியதாயிற்று.

1948 இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, 2022 ஏப்ரல் 12 இல், வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை முதன்முறையாக இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டில், கண்டியின் அயலூரான மடவளை உட்பட நாடெங்கும் சமையல் எரிவாயுவும் எரிபொருளும் தட்டுப்பட்டன. இம்முறை கோட்டை வாசலிற் பீரங்கி நிற்கவில்லை, பேச்சுவார்த்தையே நடந்தது. பன்னாட்டுப் பிணைமுறிகளின் பெரும்பகுதி 2024 டிசம்பரில் புதிய முறிகளாக மாற்றப்பட்டது.

அன்று உப்பு; பின்னர் எரிவாயு. அரசன் பட்ட கடனாயினும் அரசு பட்ட கடனாயினும், அதன் சுமை இறுதியிற் குடிமக்களின் அடுப்படியிலேயே வந்து இறங்குகின்றது. ஆதலின், கடன் முறியில் என்ன எழுதப்பட்டுள்ளது, கணக்கு யார் கையில் இருக்கின்றது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கே முதலில் உரியது.