ஒரு நாள் கடல்: பிரைட்டன் நகர்ச் சிற்றுலாவின் வரலாறு

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தது தமிழ் மரபு. கடற்கரை காத்திருப்போரின் நிலம். சென்றவர் மீள்வரோ என ஏங்குவோரின் நிலம். ஆங்கில நாட்டிலும் கடல் நெடுங்காலம் அச்சத்துக்கும் உழைப்புக்கும் உரியதாகவே இருந்தது. மீனவரும் மாலுமியருமே அதனோடு வாழ்ந்தனர். மகிழ்ச்சியை நாடிக் கடலுக்குச் சென்றோர் மிகச் சிலரே. ஆயினும், இரு நூற்றாண்டுகளுக்குள் அந்நாட்டு எளிய குடும்பத்தின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாக, நண்பர் சூழ ஒரு நாள் கடலுக்குச் சென்று வருதல் அமைந்துவிட்டது. இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது? கடல் என்றும் அங்கேதான் இருந்தது. அந்த ஒரு நாள் எங்கிருந்து வந்தது? பிரைட்டன் நகரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

மருந்தாக வந்த கடல்

லண்டனுக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், சஸ்ஸெக்ஸ் கரையில் அமைந்தது பிரைட்டன். முன்னர் அது மீனவர் ஊர். 1750இல் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் மருத்துவர், கடல்நீர் சுரப்பி நோய்களைத் தீர்க்கும் என்று இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். அதன் பின்னர் செல்வர் பலர் அங்கு வந்து கடலில் குளித்தனர். மருந்தென நம்பிக் கடல்நீரைக் குடிக்கவும் செய்தனர். 1783இல் பட்டத்து இளவரசர், அதாவது பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர், அவ்வூருக்கு முதன்முறையாக வந்தார். அவருக்காக எழுந்த மாளிகையைக் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் 1815 முதல் 1822 வரை இந்தியக் கும்மட்டங்களுடன் திருத்தி அமைத்தார். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது அங்கே நீராவிக் குளியல் நிலையம் நடத்திப் புகழ்பெற்றதும் இக்காலத்திலேயே என்பது நாம் அறியத்தக்கது.

அக்காலக் கடற்கரை செல்வருக்கே உரியதாயிருந்தது. குதிரை வண்டியில் லண்டனிலிருந்து பிரைட்டன் சேர ஐந்தாறு மணி நேரம் ஆகும். காலையில் சென்று மாலையில் மீள்வது பெரும்பாலும் இயலாதது. தங்கவேண்டும், தங்குவதற்குப் பணம் வேண்டும், பணத்தினும் அரிதான ஓய்வு வேண்டும். இவ்விரண்டும் உழைப்பாளியிடம் இல்லை.

இருப்புப்பாதையின் வரவு

1841 செப்டம்பரில் லண்டன் - பிரைட்டன் இருப்புப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. ஆறு மணி நேரப் பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகக் குறுகியது. 1844ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றாம் வகுப்புப் பயணிக்கு மைலுக்கு ஒரு பென்னி என்னும் கட்டணத்தில் நாள்தோறும் ஒரு வண்டியேனும் விடவேண்டும் என விதித்தது. அதனினும் குறைந்த கட்டணத்தில் சிற்றுலாச் சிறப்பு வண்டிகளும் ஓடத் தொடங்கின. 1801இல் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்த பிரைட்டனில் 1851இல் ஏறத்தாழ 65,000 பேர் வாழ்ந்தனர்.

மக்கள் வந்தனர், அரசி வெளியேறினார். கூட்டத்தின் பார்வை விக்டோரியாவுக்கு உவப்பாயில்லை. 1845க்குப் பின் அவர் அம்மாளிகையில் தங்கவில்லை. 1850இல் நகரத்தாரே அதனை விலைக்கு வாங்கினர். மன்னர் இல்லம் மக்கள் உடைமையான இந்நிகழ்ச்சி, கடற்கரை கைமாறியதற்கு ஓர் அடையாளம் எனலாம்.

ஒரு குடும்பத்தின் ஒரு நாள்

அந்நாளில் குடும்பங்கள் தனித்துச் செல்லவில்லை. பணிமனைகளும் ஞாயிறு பள்ளிகளும் தொழிலாளர் சங்கங்களும் சிற்றுலாக்களை ஏற்பாடு செய்தன. ஆதலின் ஒரே தெருவார், ஒரே தொழிலார், ஒரே திருச்சபையார் ஒரே பெட்டியில் அமர்ந்து சென்றனர். உணவுக் கூடை வீட்டிலிருந்தே வந்தது. பிரைட்டன் கரை மணற்பரப்பன்று, கூழாங்கற்பரப்பு. அக்கற்களின்மீது விரிப்பிட்டு அமர்ந்து உண்டனர். பிள்ளைகள் பொம்மலாட்டம் கண்டனர். 1866இல் மேற்குக் கடற்பாலம் திறக்கப்பட்டபின், சிறு கட்டணம் செலுத்திக் கடலின் மேலேயே நடந்தனர். 1883இல் மேக்னஸ் வோல்க் கரையோரம் அமைத்த மின்சார இரயில் மற்றொரு புதுமையாயிற்று.

இத்தகைய கடற்கரைக் காட்சியை ஓவியர் வில்லியம் பவல் ஃபிரித் தீட்டியுள்ளார். 1851இல் அவர் தம் குடும்பத்துடன் கென்ட் மாவட்டத்துக் கடலோர ஊரான ராம்ஸ்கேட்டுக்குச் சென்றார். ஆங்குக் கண்டதைக் கொண்டு வரைந்த ஓவியம் 1854இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. செய்தித்தாள் படிக்கும் ஆடவர், குடை பிடித்த பெண்டிர், நீரில் காலை நனைக்கும் சிறுமி என அதில் அனைவரும் முழு உடையுடன் நெருங்கி அமர்ந்துள்ளனர். அதனை விலைக்கு வாங்கியவர் விக்டோரியா அரசியே. பிரைட்டன் கூட்டத்தைத் தவிர்த்தவர், ராம்ஸ்கேட் கூட்டத்தின் படத்தை விரும்பினார் என்பது சுவையான முரண்.

ஒரு நாளின் விலை

இம்மகிழ்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. 1861 ஆகஸ்டு 25, ஞாயிற்றுக்கிழமை. போர்ட்ஸ்மத்திலிருந்து வந்த சிற்றுலா வண்டி, பிரைட்டன் சிற்றுலா வண்டி, வழக்கமான வண்டி என மூன்று வண்டிகள் பத்து நிமிடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக பிரைட்டனிலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்டன. வழியில் கிளேட்டன் சுரங்கம், இரண்டு கிலோமீட்டர் நீளம். தென்வாயிலில் ஹென்றி கில்லிக் என்னும் கைகாட்டிப் பணியாளர் இருந்தார். முதல் வண்டி கடந்தபின் கைகாட்டி தானாக மாறவில்லை. அவர் செங்கொடி அசைப்பதற்குள் இரண்டாம் வண்டி சுரங்கத்தினுள் நுழைந்தது. 'சுரங்கத்தில் வண்டி இல்லை' என வடவாயிலிலிருந்து தந்தி வந்தது. அது முதல் வண்டியைக் குறித்தது. அவரோ இரண்டாம் வண்டியும் கடந்ததெனக் கொண்டு மூன்றாவதற்கு வழிவிட்டார். செங்கொடியைக் கண்டு நின்ற இரண்டாம் வண்டி அப்போது இருளில் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. மோதலில் 23 பேர் மாண்டனர். 176 பேர் காயமுற்றனர்.

விசாரணையில் வெளிப்பட்ட ஒரு செய்தி நெஞ்சை உறுத்துவது. கில்லிக் அன்று 24 மணி நேரத் தொடர் பணியில் இருந்தார். முழுதாக ஒரு நாள் ஓய்வு பெறுவதற்காகவே அவர் அதனை ஏற்றிருந்தார். வண்டியில் இருந்தோர் தமக்குக் கிடைத்த ஓய்வு நாளைக் கொண்டாடப் புறப்பட்டவர். வழிகாட்டியவரோ அத்தகைய ஒரு நாளுக்காகத் தூக்கத்தை விற்றவர். வேகம் வந்துவிட்டது, அனைவருக்குமான ஓய்வு இன்னும் வரவில்லை.

சட்டம் தந்த நாள்

ஓய்வு சிறிது சிறிதாகவே வந்தது. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் உழைப்பதைத் தடுத்தது. 1871இல் ஜான் லப்பக் கொணர்ந்த வங்கி விடுமுறைச் சட்டம், ஆகஸ்டு முதல் திங்களை உள்ளடக்கிய நான்கு நாள்களை இங்கிலாந்துக்கு அளித்தது. வங்கிகளுக்கென வகுத்த அவ்விடுமுறையைப் பிற தொழிலாரும் கைக்கொண்டனர். ஆயினும், பலருக்கு அது கூலியற்ற விடுமுறை. கடலுக்குச் செல்லும் குடும்பம் பயணச் செலவோடு கூலியிழப்பையும் ஏற்றது. தொழிற்சங்கங்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், 1938ஆம் ஆண்டுச் சட்டமே ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கு வழிகோலியது. மறு ஆண்டே போர் மூண்டது. 1940இல் பிரைட்டன் கரையில் முள்வேலியும் கண்ணிவெடியும் இடப்பட்டன. போருக்குப் பின்னரே அவ்வுரிமையின் முழுப்பயனை மக்கள் துய்த்தனர்.

பின்னர் மகிழுந்தும், ஸ்பெயின் செல்லும் மலிவு விமானமும் கூட்டத்தை ஈர்த்தன. மேற்குக் கடற்பாலம் 1975இல் மூடப்பட்டு, 2003இல் தீக்கிரையாயிற்று. அதன் இரும்பு எலும்புக்கூடு இன்றும் நீரில் நிற்கிறது. ஆனால் 1899இல் திறந்த மற்றொரு பாலத்தில் குடும்பங்கள் இன்றும் நடக்கின்றன.

நெய்தலுக்கு எற்பாடு சிறுபொழுது எனக் கொள்வது மரபு. ஞாயிறு சாயும் அவ்வேளையிலேதான் சிற்றுலாக் குடும்பங்கள் புகைவண்டி நிலையம் நோக்கித் திரும்பின. பிள்ளைகளின் கையில் கிளிஞ்சல். பெற்றோர் மனத்தில் மறுநாள் காலை ஆலைச்சங்கு. அவர்தம் இரங்கல் பிரிந்த தலைவனுக்காக அன்று. முடிந்துபோன ஒரு நாளுக்காக.