டைன்ஹாம்: மக்கள் திரும்பாத கிராமம்

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் டார்செட் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் டைன்ஹாம். இன்று அங்கே யாரும் குடியிருப்பதில்லை. கூரை இழந்த கல்வீடுகளும், ஒரு தேவாலயமும், ஒரு பள்ளிக்கூடமும் மட்டுமே அவ்வூரின் கதையைச் சொல்கின்றன.

டைன்ஹாமின் நிலங்களும் வீடுகளும் பாண்ட் என்ற நிலவுடைமைக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தன. ஊர்மக்களில் பெரும்பாலோர் அவற்றில் வாடகைக்கும் குத்தகைக்கும் இருந்தவர்களே. உழவும், அருகிலுள்ள வார்பரோ விரிகுடாவில் மீன்பிடிப்பும் அவர்களுடைய தொழில்கள். ஊரின் நடுவே ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகளின் வரிசை ஒன்று உண்டு. அதில் ஒரு வீட்டில் தபால் நிலையம் இருந்ததால் அந்த வரிசைக்கே தபால் நிலையத்தின் பெயர் வந்தது. வேலை தேடிப் பலர் வெளியேற, ஊர் மெல்லச் சுருங்கியது. போதிய பிள்ளைகள் இல்லாமல் 1932-ல் பள்ளி மூடப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் அந்த ஊரின் தலையெழுத்தை மாற்றியது. பக்கத்து லல்வொர்த்தில் ஏற்கெனவே பீரங்கி வண்டிகளுக்கான பயிற்சிக் களம் இருந்தது. பிரான்சில் தரையிறங்கும் போருக்குத் தயாராக இராணுவத்துக்கு இன்னும் இடம் தேவைப்பட்டது. 1943 நவம்பரில் வீடுகளுக்குக் கடிதம் வந்தது. டிசம்பர் 19-க்குள் காலி செய்ய வேண்டும் என்பதே செய்தி. கிராமத்திலும் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த சுமார் 225 பேர் கிறிஸ்துமஸுக்கு முன்பே வெளியேறினர். தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படியும், ஒருநாள் தாங்கள் திரும்பி வருவோம் என்றும் எழுதிய தாள் ஒன்று தேவாலயக் கதவில் ஒட்டப்பட்டது.

போர் 1945-ல் முடிந்தது. ஆனால் ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. 1948-ல் அரசு அந்த நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பியிருந்த மக்களுக்கு இது பேரிடி. பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லாததால் நிலத்துக்கான இழப்பீடு கேட்கவும் வழியில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் காகிதத்தில் அவர்கள் குடியிருப்போர் மட்டுமே.

1960-களின் இறுதியில் ஊரை மீட்கக் கோரிப் போராட்டம் எழுந்தது. அதன் பிறகு 1975 முதல், பயிற்சி நடைபெறாத வார இறுதி நாட்களிலும் விடுமுறைகளிலும் பொதுமக்கள் செல்ல அனுமதி கிடைத்தது. தேவாலயமும் பள்ளியும் இப்போது காட்சியகங்களாக உள்ளன. நவீன விவசாயம் நுழையாததால் சுற்றியுள்ள நிலத்தில் அரிய செடிகளும் உயிரினங்களும் செழித்திருப்பது குறிப்பிடத்தக்கது.

டைன்ஹாமைக் காலி செய்தது எதிரியின் குண்டு அல்ல, சொந்த அரசின் ஒரு கடிதம். நாட்டுக்காக வீட்டைக் கொடுத்தவர்களின் தியாகத்தை நாடு ஏற்றுக்கொண்டது. வீட்டைத் திருப்பித் தர மட்டும் மறந்துவிட்டது.