மூட்டையிலிருந்து ஸ்ட்ரெட்ச் ரோல் வரை

பட்டு நெய்வதைப் பற்றி நிறைய பேர் எழுதியிருக்காங்க. நெய்த புடவை கெடாம ஊர் போய்ச் சேர்ந்த கதையை அதிகம் யாரும் எழுதலை. அதனால் நம் மலருக்கு அதை எழுதுகிறேன்.

நம்ம ஊர்ப் பேரே மூட்டை கட்டின கதைதான். பல்லவ ராஜா கணிகண்ணனை காஞ்சியை விட்டுப் போகச் சொன்னதும் திருமழிசை ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். அவர் கூப்பிட, பெருமாளும் பாம்புப் படுக்கையைப் பாய் போலச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை, அது ஓரிக்கை ஆச்சு என்பார்கள் பெரியவங்க.

அந்தக் காலத்தில் தறியிலிருந்து அறுத்த புடவையை வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்கோ சங்கத்துக்கோ நடப்பார்கள். வெளியூர் என்றால் துணிமேல் காகிதம், அதன்மேல் கோணி, கோணி ஊசியால் தையல். தபாலில் இன்ஷூர் செய்தால் தையல்மேல் அரக்கு முத்திரை. 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் வந்த பிறகு கைத்தறிச் சங்கத்துச் சரக்கு பல ஊர்க் கடைகளுக்குப் போக வழி பிறந்தது.

கோணி அடி தாங்கும், தண்ணி தாங்காது. ஐப்பசி கார்த்திகையில் குழித்தறிக்குள்ளேயே தண்ணி ஊறும். லாரியில் போகிற கோணியைக் கேட்கவா வேணும்? பத்துப் பதினைஞ்சு நாள் உழைப்பு ஒரு மழையில் போயிடும்.

பாலிதீனை 1933-ல் இங்கிலாந்தில் ஒரு ரசாயனக் கம்பெனிக்காரர்கள் எதேச்சையாகக் கண்டார்கள். முதலில் அது உலகப் போரில் ராடார் வயருக்கு உறையாகப் போனது, அப்புறம்தான் கவர் ஆனது. இழுத்தால் நீளும் ஸ்ட்ரெட்ச் ரோல் 1970-களில் வெளிநாட்டில் பரவினது. அதற்குப் பசை வேண்டாம், தன்மேலேயே ஒட்டும். இழுத்த பிளாஸ்டிக் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். அந்த இறுக்கம்தான் பெட்டிகளை அசையாம பிடிச்சுக்குது. இப்போ போனிலேயே ஆர்டர் வந்து கூரியரில் அனுப்புற நமக்கு இது பெரிய உதவிதான், மறுக்கலை.

ஆனா புடவைமேல் நேரா சுத்தக் கூடாது. நம்ம ஜரிகை, பட்டு நூல்மேல் வெள்ளி சுற்றி தங்க முலாம் பூசினது. உள்ளே ஈரம் அடைஞ்சா வெளியே போக வழியில்லை, வெள்ளி கறுத்திடும். கறுத்த ஜரிகையை வாங்குறவங்க போலி என்பாங்க. நெய்தவர் பேரும் போச்சு, நம்ம பேரும் போச்சு. இந்த விஷயத்தில் பழைய வேட்டித் துணிதான் கெட்டி. பருத்தி ஈரத்தை இழுத்துக்கும், காற்றும் விடும்.

அதனால் புடவையை நிழலில் ஆறவிட்டு, பருத்தித் துணியில் மடிச்சு, அட்டைப் பெட்டியில் வைங்க. ரோல் பெட்டிக்கு வெளியே மட்டும். மூலைக்கு அட்டைத்துண்டு கொடுத்து, கீழிருந்து மேலாக, ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்த சுற்று ஏறுகிற மாதிரி இழுத்துச் சுத்துங்க. மூணு நாலு சுற்றே போதும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை வந்து எல்லோரும் துணிப்பைக்குத் திரும்பினோமே, நாமே ரோலை வீணாக்கலாமா? வாங்குறவங்களுக்கு ஒரு சீட்டும் வைங்க: ரோலைப் பிரித்ததும் புடவையைத் துணியிலேயே வைக்கவும், அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது, நாலு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றவும்.