தற்பரிசோதனையும் தற்சான்றும்: அறிவூக்க மருந்துகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருந்தொன்றின் குணத்தை அறிவதற்கு அதனைத் தானே உட்கொண்டு பார்க்கும் வழக்கம் வைத்திய வரலாற்றிற் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இவ்வழக்கம் ஒரு புதிய துறையுள் நுழைவதைக் காண்கிறோம். நோயைத் தீர்ப்பதற்காக அன்றி, நோயற்ற மூளையின் நினைவாற்றலையும் கவனத்தையும் உழைப்பாற்றலையும் பெருக்குவதற்காக மருந்து உட்கொள்ளப்படலாயிற்று. இத்தகைய மருந்துகளை இக்கட்டுரையில் அறிவூக்க மருந்துகள் எனக் குறிப்பிடுவோம். இவற்றுட் பல, போதிய சோதனைக்கு உட்படு முன்னரே, உட்கொண்டவர் தம் வாய்மொழியை மட்டும் சான்றாகக் கொண்டு பரவின. “உட்கொண்டேன், பயன் கண்டேன், தீங்கு எதுவும் நேரவில்லை” எனும் அச்சாட்சியத்தின் பெறுமதி யாது? இவ்வினாவை வரலாற்று நோக்கில் ஆராய்வதே எமது நோக்கமாகும்.

தற்பரிசோதனை முற்றாகத் தள்ளத்தக்கதெனக் கூறுதல் எமது கருத்தன்று. 1929இல் ஜேர்மனியின் ஏபர்ஸ்வால்ட் நகரில் வேர்ணர் போர்ஸ்மன் எனும் இளம் வைத்தியர் தமது கைநாளத்தின் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தினார். 1984இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல் இரைப்பை நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற பற்றீரியாவை வளர்த்துத் தாமே அருந்தினார். முன்னவர் 1956இலும் பின்னவர் 2005இலும் நோபல் பரிசு பெற்றனர். 1947இன் நியூரம்பேர்க் நெறிகளும், உயிராபத்து விளையக்கூடிய பரிசோதனைகளைத் தடைசெய்யுமிடத்து, ஆய்வாளரே பரிசோதனைக்கு உட்படும் நிலையை ஒரு விதிவிலக்காகக் கருத இடமளித்தன. ஆயின் இவ்விருவர் செயலிலும் ஓர் அமிசம் கவனிக்கத்தக்கது. போர்ஸ்மனுக்குச் சாட்சியாக அமைந்தது எக்ஸ்-கதிர்ப் படம். மார்ஷலுக்குச் சாட்சியாக அமைந்தவை இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்ட இழையத் துண்டுகள். அவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்பதில் முடிவு தங்கியிருக்கவில்லை. உடலை ஈந்தவர் ஒருவர்; தீர்ப்பை வழங்கியது அவருக்குப் புறத்தேயுள்ள ஒரு சான்று. அறிவூக்க மருந்துகளின் வரலாற்றில் இவ்விரண்டும் பிரிந்து நிற்கவில்லை என்பதை இனி நோக்குவோம்.

வியன்னாவும் பரிசும்

1884இல் வியன்னாப் பொது வைத்தியசாலையிற் பணிபுரிந்த இருபத்தெட்டு வயதினரான சிக்மண்ட் பிராய்ட், கொக்கேயின் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். கொக்கா இலையிலிருந்து கொக்கேயினை ஜேர்மனிய இரசாயனவியலாளர் பிரித்தெடுத்து அப்பொழுது கால்நூற்றாண்டே ஆகியிருந்தது. பிராய்ட் அதனைச் சிற்றளவிற் பலமுறை தாமே உட்கொண்டு, களைப்பு நீங்குவதையும் மனம் மகிழ்வதையும் நீண்ட உழைப்பு எளிதாவதையும் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டில் தமது கைவலுவையும் எதிர்வினை வேகத்தையும் கருவிகொண்டு அளந்து எண்களாகவும் தந்தார். வலு மிகுந்தமைக்குத் தசையின் மாற்றமன்று, மருந்து தந்த நல்லுணர்வே காரணமாகலாம் என அவரே கருதியமை குறிப்பிடத்தக்கது.

பிராய்டின் நண்பரும் உடற்றொழிலியல் அறிஞருமான ஏர்ண்ஸ்ட் பொன் பிளைஷ்ல்-மார்க்சோ, கைவிரல் துண்டிக்கப்பட்டபின் நீங்காதிருந்த வேதனைக்காக மோர்பீன் உட்கொண்டு அதற்கு அடிமைப்பட்டிருந்தார். மோர்பீனை விடுவிக்குமென நம்பிய பிராய்ட் அவருக்குக் கொக்கேயினைப் பரிந்துரைத்தார். விளைவு மறுதலையாயிற்று. நண்பர் கொக்கேயினுக்கும் அடிமையாகி, 1891இல் நாற்பத்தைந்தாவது வயதில் இறந்தார். இதற்கிடையே, 1886இல் அல்பிரெக்ட் எர்லன்மையர் எனும் வைத்தியர், மதுவுக்கும் மோர்பீனுக்கும் அடுத்த மூன்றாவது பெருங்கேடு எனக் கொக்கேயினைச் சாடியிருந்தார். சிற்றளவில் ஒருவர் பெற்ற அநுபவம், வேறொருவர் உடலில், வேறோர் அளவில், ஈராண்டின் பின் நிகழ்வதை முன்னுரைக்க முடியாதென்பது இவ்வாறு துலங்கிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி பரிசில் இடம்பெற்றது. 1889 யூன் 1ஆம் திகதி, எழுபத்திரண்டு வயதினரான சார்ள்ஸ்-எட்வார்ட் பிரௌன்-செக்கார், நாயினதும் சீமைப்பெருச்சாளியினதும் விதைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டதாக உயிரியற் சங்கத்தில் அறிவித்தார். இவர் போலி வைத்தியரல்லர்; குளோட் பேர்ணாரின் பின் அவர் வகித்த ஆசனத்தில் அமர்ந்த பேரறிஞர். படிகளில் ஓடி ஏற முடிகிறது, ஆய்வுகூடத்தில் நெடுநேரம் நிற்க முடிகிறது, இழந்திருந்த மூளையுழைப்பும் மீண்டுவிட்டது என அவர் கூறினார். செய்தி பரவியதும் அச்சாறும் அதன் போலிகளும் அத்திலாந்திக்கின் இரு கரைகளிலும் விற்பனைப் பண்டங்களாயின. 2002இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் சிலர் அவர் கூறிய முறைப்படியே சாற்றைத் தயாரித்து அளந்தபோது, அதிலிருந்த ஆண்பால் ஓமோன் உடலிற் பயன் எதனையும் விளைவிக்கப் போதாத அளவினதெனக் கண்டனர். பிரௌன்-செக்கார் பொய்யுரைக்கவில்லை. அவர் உணர்ந்தது உண்மை. அவ்வுணர்வுக்குச் சாறே காரணம் என்பதே உண்மையன்று.

பரீட்சையும் யுத்தமும்

இருபதாம் நூற்றாண்டின் கதை அம்பெற்றமைனைச் சூழ்ந்து அமைகிறது. 1887இல் பேர்லினில் முதன்முதல் தொகுக்கப்பட்ட இப்பொருள் நாற்பதாண்டுகள் பயனின்றிக் கிடந்தது. 1929 யூன் 3ஆம் திகதி, கலிபோர்னியாவில் கோர்டன் அலெஸ் எனும் இரசாயனவியலாளர் அதில் 50 மில்லிகிராமை ஊசி மூலம் தம்முட் செலுத்தச் செய்தார். குருதியமுக்கம் ஏறியது, நாடி படபடத்தது, நல்லுணர்வு தோன்றியது, இரவு உறக்கம் குலைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பென்செட்றின் எனும் பெயரில் அது சந்தைக்கு வந்தது.

மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் உளவியற் சோதனைகளுக்காக மாணவருக்கு இக்குளிசை வழங்கப்பட்டது. அதன் ஊக்கத்தை உணர்ந்த மாணவர், சோதனைக்கு வெளியே, பரீட்சைக்காலத்தில் மருந்துக்கடைகளை நாடலாயினர். 1937இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகை இவ்வழக்கத்துக்கெதிராக எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. அளவு கட்டுப்படுத்தப்பட்ட ஒரு சோதனையிலிருந்து, கண்காணிப்பற்ற தன்னுபயோகத்துக்கு ஒரு மருந்து சென்ற வழியை இங்கு தெளிவாகக் காண்கிறோம்.

யுத்தம் இதனைப் பேரளவினதாக்கியது. ஜேர்மனியில் 1938இல் பெர்விற்றின் எனும் பெயரில் மெதம்பெற்றமைன் விற்பனைக்கு வந்தது; 1940 ஏப்பிரல் முதல் யூலை வரையான காலத்தில் மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குளிசைகள் அந்நாட்டுப் படையினருக்கு அனுப்பப்பட்டன. தீங்கு வெளிப்பட்டதனால் 1941இல் அம்மருந்து அபின் சட்டத்தின் கீழ்க் கொணரப்பட்டது. பிரித்தானியப் படைகளுக்கு யுத்தகாலத்தில் ஏழுகோடிக்கு மேற்பட்ட அம்பெற்றமைன் குளிசைகள் வழங்கப்பட்டன. யப்பானில் பிலோப்பொன் எனும் பெயரில் களைப்பகற்றியாக விளம்பரப்படுத்தப்பட்ட அதே மெதம்பெற்றமைன், யுத்தத்தின் பின் தேங்கிய கையிருப்புகளோடு மக்களிடையே பரவி, 1951இல் தனிச்சட்டம் இயற்றவேண்டிய நிலையை உருவாக்கிற்று.

மாணவனின் பரீட்சை, படைவீரனின் நெடும்பயணம், தோல்வியுற்ற நாட்டின் இராப்பகல் உழைப்பு: மருந்து வேரூன்றிய இக்களங்கள் அனைத்திலும் மனிதனிடம் அவன் உடல் தாங்குவதற்கு மேற்பட்ட உழைப்பு கோரப்பட்டது. அறிவூக்கம் எனும் தேவை மூளையினுள் தோன்றியதன்று. உழைப்பின் ஒழுங்கமைப்பிலிருந்து தோன்றியது. மருந்து புதிய ஆற்றல் எதனையும் படைக்கவில்லை. உறக்கத்துக்குரிய நேரத்தையே அது கடனாகப் பெற்றுத் தந்தது.

தீர்ப்பவனே மயங்குதல்

மேற்கூறிய வரலாற்றின் மையப் பிரச்சினையைப் பிற்கால ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. 2013இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நலமான இளைஞர் 46 பேருக்கு ஒருமுறை அம்பெற்றமைன் உப்புகள் 20 மில்லிகிராமும் மற்றொருமுறை வெற்றுக் குளிசையும் வழங்கப்பட்டன. எது எப்பொழுது வழங்கப்பட்டதென்பது உட்கொண்டவருக்கோ சோதித்தவருக்கோ தெரியாது. நினைவு, படைப்பாற்றல், அறிவுத்திறன் ஆகியவற்றின் சோதனைகளிற் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. எனினும் மருந்து உட்கொண்ட வேளையில் தமது திறன் உயர்ந்திருந்ததாக அவர்கள் நம்பினர். 2023இல் மெல்பேண் ஆய்வாளர் வெளியிட்ட பிறிதோர் ஆய்வில் 40 பேர் பங்குபற்றினர். குறித்த நிறைக்குள் அதிக பெறுமதியுள்ள பொருள்களை ஒரு பைக்குள் அடுக்கும் சிக்கலான கணக்கு அவர்களுக்குத் தரப்பட்டது. டெக்ஸம்பெற்றமைன், மெதில்பெனிடேற்று, மொடபினில் ஆகியவற்றை உட்கொண்டோர் அதிக நேரம் செலவிட்டனர். அதிக முறை முயன்றனர். முயற்சியின் தரமோ குறைந்தது.

இம்முடிவுகளின் தாற்பரியம் பெரிது. காய்ச்சலுக்கு மருந்துண்பவன் தன் உடல்வெப்பத்தை வெப்பமானியால் அறியலாம். மூளைக்கு மருந்துண்பவனோ அம்மூளையைக் கொண்டே அதன் பயனைத் தீர்மானிக்கிறான். மருந்து முதலில் மாற்றுவது அத்தீர்மானத்தைத்தான். எனவே, ஊக்கமும் தன்னம்பிக்கையும் தரும் மருந்துகளைப் பொறுத்தவரை, “பயன் கண்டேன்” என்ற உணர்வை மருந்தின் பயனுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. அவ்வுணர்வும் மருந்தின் விளைவுகளுள் ஒன்றாயிருத்தல் கூடும்.

“தீங்கில்லை” எனும் கூற்றும் இவ்வாறே ஆராயத்தக்கது. களிப்பு உடன் தோன்றுவது. அடிமைப்பாடு பிந்தி வருவது. ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் கேட்டை ஒருவரது அநுபவம் ஒருபோதும் காட்டாது. மேலும், பயன் கண்டவர் பேசுகின்றனர். எதுவும் காணாதவர் கைவிட்டு மௌனமாகின்றனர். கேடுற்றவர் பலர் வெட்கத்தால் மறைக்கின்றனர். ஆதலின் சாட்சியங்கள் பெருகுவதனால் மட்டும் உண்மை பெருகிவிடாது.

புதிய பெயர், பழைய பிரச்சினை

1964இல் பெல்ஜியத்தில் ஒரு மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த கோர்னேலியு ஜூர்ஜியா பிரசெற்றாம் எனும் பொருளைத் தயாரித்தார். 1972இல் அவரே, மனம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினடியாக, நூற்றுறொப்பிக் எனும் புதிய வகைப்பெயரைப் படைத்தார். இவ்வகை மருந்துகள் நச்சுத்தன்மை மிகக் குறைந்தனவாக இருத்தல் வேண்டுமென்பது அவர் வகுத்த இலக்கணம். எனினும் அறிவிழப்பு நோயில் பிரசெற்றாம் பயன்தருமெனக் கொள்வதற்குச் சான்றுகள் போதா என்றே 2001இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு முடிவுசெய்தது. பெயர் மட்டும் நிலைத்தது. ஜூர்ஜியாவின் இலக்கணத்துக்கு அமையாத பொருள்களும் அப்பெயரைத் தாங்கிச் சந்தைக்கு வந்தன.

1962இல் ஐக்கிய அமெரிக்கச் சட்டம், மருந்தொன்றின் பயனை முறையான சோதனையால் நிறுவிய பின்னரே அதனை விற்கலாம் என விதித்திருந்தது. 1994இன் சட்டமோ உணவுத் துணைப்பொருள் எனும் பெயரில் விற்கப்படுவனவற்றுக்கு விற்பனைக்கு முன்னரான இத்தகைய சான்றைக் கோரவில்லை. 2020இல் ஓர் ஆய்வுக் குழுவினர் அறிவூக்கத் துணைப்பொருள்கள் பத்தினைச் சோதித்தபோது, அந்நாட்டில் அங்கீகாரம் பெறாத ஐந்து மருந்துகளை அவற்றுட் கண்டனர். சிலவற்றில் அளவு, வேறு நாடுகளில் வைத்தியர் வழங்கும் அளவின் நான்கு மடங்கினை எட்டியது. உட்கொள்பவர் எதனை, எவ்வளவு உட்கொள்கிறார் என்பதையே அறியார். அவரது சாட்சியம் எப்பொருளைப் பற்றியதென்பதும் ஐயமாகிறது. பிரான்சிற் சோர்வுநோய்க்கு வைத்தியர் வழங்கிய தியனெப்ரின் எனும் மருந்தும் இவ்வழியிற் கடைகளுக்கு வந்தது. அது அபின் வகைப் பொருள்களைப் போன்று செயற்படுவதும் அடிமைப்படுத்துவதும் பிந்தியே அறியப்பட்டன. 2000 முதல் 2013 வரை ஐக்கிய அமெரிக்காவின் நஞ்சுத் தகவல் நிலையங்களுக்கு இதன் பொருட்டுக் கிடைத்த முறைப்பாடுகள் 11. 2020இல் மட்டும் அவை 151.

பிராய்டும் பிரௌன்-செக்காரும் தம் காலத்தின் சிறந்த மூளைகளைப் பெற்றிருந்தவர்கள். கல்வியறிவோ நேர்மையோ அவர்களைத் தற்சான்றின் மயக்கத்திலிருந்து காக்கவில்லை. அவர்களைக் காட்டிலும் அவசரமும் ஆவலும் மிக்க ஒரு பரீட்சார்த்தியை அவை காக்குமென எதிர்பார்த்தல் பொருந்தாது. ஒப்பிடுவதற்கு வெற்றுக் குளிசை, கணிசமான எண்ணிக்கையினர், நீண்டகாலக் கண்காணிப்பு, மருந்துண்டவரல்லாத ஒருவரின் அளவீடு ஆகியன சடங்குகளல்ல. தனிமனிதன் தன்னைப் பற்றி அறியமுடியாதவற்றைச் சமூகம் அவனுக்காக அறிந்து தரும் வழிகளாம். இவை நிறைவுறாத வரையில், நிறுவப்படாத ஒரு மருந்தைத் தானே உட்கொள்பவர் ஆய்வு நடத்துகிறார் எனக் கூறுதற்கில்லை. ஆய்வின் அபாயத்தை மட்டுமே ஏற்கிறார். அதன் அறிவு எவருக்கும் கிட்டுவதில்லை. உறக்கத்தை விற்று உழைப்பைக் கோரும் நிலைமைகள் மாறாதிருக்க, அவற்றுக்கேற்ப மூளையை மாற்றிக்கொள்ளுமாறு தூண்டும் சந்தையின் குரலை ஆராய்ந்து மதிப்பிடுவது பல்கலைக்கழகத்தாரின் கடமையென நாம் கருதுகிறோம்.