இருதலைத்தசைச் சோதனை எதைச் சொல்கிறது? நாய்களின் முன்னங்கால் நொண்டல் குறித்து ஒரு மறுவாசிப்பு

நடுவயது லாப்ரடார் ஒன்று முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. ஓய்வில் குறையும் நொண்டல், ஓடவிட்டால் திரும்பிவிடுகிறது. எலும்பு முறிவு ஏதுமில்லை. மருத்துவர் தோளை மடக்கி, முழங்கையை நீட்டி, காலை விலாவை ஒட்டிப் பின்னுக்கு இழுத்து, மேற்கை எலும்பின் பள்ளத்தில் ஓடும் தசைநாணை விரலால் அழுத்துகிறார். நாய் துள்ளுகிறது. சீட்டில் ‘இருதலைத்தசைத் தசைநாண் அழற்சி’ என்று ஏறிவிடுகிறது.

நெடுநாளாக நிலவும் இந்த வாசிப்பு, சோதனையால் தாங்க முடியாத முடிவை அதன்மேல் சுமத்துகிறது.

இருதலைத்தசை இரண்டு மூட்டுகளைக் கடக்கும் தசை. தோள்பட்டை எலும்பில் தொடங்கி, முழங்கைக்குக் கீழே ரேடியஸ், அல்னா என்ற முன்கை எலும்புகள் இரண்டிலும் பற்றுகிறது. அல்னாவில் அது பற்றும் இடம் உட்புறக் கொரனாய்டு முனைக்கு மிக அருகில். லாப்ரடார், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் அடிக்கடி விரிசலுறுவதும் துணுக்காக உடைவதும் இதே முனைதான். ஆகவே தசையை முழு நீளத்துக்கும் இழுக்கும்போது முழங்கையும் நெரிபடுகிறது. நோயுற்ற முழங்கையை நீட்டுவதே வலிக்கும். கொரனாய்டின் மேல் விழும் அழுத்தத்தைக் குறைக்கவென்றே, அல்னாவில் பற்றும் நாரை மட்டும் அறுத்துவிடும் அறுவை முறை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அந்த இழுப்பு பொருட்டல்ல என்றால் அதை யார் அறுப்பார்கள்?

அல்ட்ராசவுண்டில் தசைநாண் உறைக்குள் நீர் தெரிவதை அடுத்த சான்றாகக் காட்டுவர். ஆனால் அந்த உறை தோள்மூட்டுப் பையின் நீட்சியே. மூட்டில் எங்கே அழற்சி இருந்தாலும் நீர் உறைக்குள் இறங்கும். உறைக்குள் செலுத்திய ஸ்டீராய்டால் நொண்டல் குறைந்தது என்ற வாதமும் இங்கேயே தளர்கிறது: மருந்தும் அதே வழியில் மூட்டு முழுவதும் பரவுகிறது. தோளில் ஏதோ இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் நிறுவவில்லை.

எக்ஸ்ரேயில் தெரியும் சுண்ணப் படிவு? இரு தோளிலும் படிவு இருந்து ஒரு கால் மட்டும் நொண்டும் நாய்கள் உண்டு. நொண்டாத நாய்களிலும் அது தென்படுகிறது. அதை இங்கே விட்டுவிடலாம்.

தசைநாண் கிழிவதே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பியில் மேல் பற்றிடத்தில் நைந்த நார்கள் கண்கூடாகத் தெரிவதுண்டு. அப்போது நோய்ப்பெயர் கேள்விக்கு அப்பாற்பட்டது. எல்லா நாய்க்கும் அவ்வளவு தூரம் போகமுடியுமா என்ற தயக்கம் செலவைப் பற்றியது, சான்றைப் பற்றியதன்று. அதற்கு முன்பே செய்யக்கூடியவையும் உள்ளன. தோள்மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்தியும் நொண்டல் மாறாவிட்டால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் முழங்கை. மயக்கத்தில் காலைப் பக்கவாட்டில் விரித்து அளக்கலாம்: இயல்பான தோள் சுமார் 30 பாகை விரியும், 50-ஐத் தாண்டினால் உட்புறத் தசைநார்களின் தளர்வை ஐயுற வேண்டும். அதே மயக்கத்தில் முழங்கைக்கு சி.டி.யும் எடுத்துவிடலாம்; தொடக்கநிலைக் கொரனாய்டு விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் எளிதில் அகப்படாது.