72 லட்சம் டாலருக்குப் போன மண்

அலாஸ்காவில் ஆண்டுதோறும் அக்டோபர் 18 அரசு விடுமுறை. 1867இல் அன்றுதான் சிட்கா நகரத்துக் குன்றின் மேல் ரஷ்யக் கொடி இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது. அந்தக் குன்றோ, 1804இல் ரஷ்யர்கள் போரிட்டுப் பிடிக்கும்வரை டிலிங்கிட் பழங்குடிகள் குடியிருந்த இடம்.

ரஷ்யர்களை அங்கே இழுத்துவந்தது கடல்நீர்நாயின் தோல். சீனச் சந்தையில் அதற்கு நல்ல விலை கிடைத்தது. அலூட் மக்களைக் கட்டாயப்படுத்தி வேட்டைக்கு அனுப்பினார்கள். சில தலைமுறைகளில் அந்த விலங்கே அரிதாகிவிட்டது. கிரீமியப் போரில் ரஷ்யக் கஜானாவும் கரைந்தது. இன்னொரு போர் மூண்டால் பிரிட்டன் அலாஸ்காவைச் சும்மாவே பிடித்துக்கொள்ளும் என்ற அச்சம் வேறு. விற்றுவிடுவதே மேல் என்று ஜார் அரசு முடிவெடுத்தது.

1867 மார்ச் 30 அதிகாலையில் வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கத் தரப்பில் வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவார்ட். விலை 72 லட்சம் டாலர். ஏக்கர் கணக்கில் பார்த்தால் சுமார் இரண்டு அமெரிக்கக் காசு.

பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அங்கேயே தங்கிவிடும் மற்றவர்களுக்குக் குடியுரிமை தந்த ஒப்பந்தம், ‘நாகரிகமற்ற பழங்குடிகள்’ என்று பெயர் சூட்டி அவர்களை மட்டும் விலக்கிவைத்தது. 1924இல்தான் அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவரும் சட்டப்படி குடிமக்கள் ஆனார்கள்.

குடியுரிமை வந்தும் மரியாதை வரவில்லை. பூர்வகுடிகளுக்கு அனுமதி இல்லை என்ற பலகைகள் கடைவாசல்களில் தொங்கின. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில், 1945இல், எலிசபெத் பெராட்ரோவிச் என்ற டிலிங்கிட் பெண்மணி சட்டமன்ற உறுப்பினர்கள் முன் நின்று வாதாடினார். பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது. அமெரிக்கா முழுமைக்கும் குடிமை உரிமைகள் சட்டம் வர 1964 ஆயிற்று.

அலாஸ்காவுக்குக் கொடியைத் தந்தவரும் பூர்வகுடி வழிவந்தவர்தான். 1927 கொடிப் போட்டியில், அநாதை இல்லத்தில் வளர்ந்த சிறுவன் பென்னி பென்சன் நீலத் துணியில் சப்தரிஷி மண்டலத்தையும் துருவ நட்சத்திரத்தையும் வரைந்து வென்றான். 1959 ஜனவரி 3 அன்று அலாஸ்கா 49ஆவது மாநிலமானபோது அதுவே மாநிலக் கொடியாயிற்று.

பூர்வகுடிகளின் நிலக் கோரிக்கைக்கான பதில் எண்ணெயால் வந்தது. 1968இல் புரூடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. நிலம் யாருடையது என்று தீராமல் குழாய் பதிக்க முடியாது. 1971 சட்டம் பூர்வகுடிகளுக்கு 4.4 கோடி ஏக்கரையும் 96.25 கோடி டாலரையும் அளித்தது. அதற்கு ஈடாக மற்ற நிலங்கள் மீதான அவர்களின் உரிமைக் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது. மன்னிப்போ இன்னும் தாமதமாகவே வந்தது. 1882 அக்டோபரில் டிலிங்கிட் கிராமமான ஆங்கூனைப் பீரங்கியால் சுட்டு எரித்ததற்கு அமெரிக்கக் கடற்படை முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2024 அக்டோபரில்.